ஏரிக்கரையில் ஓவர்டைம்

"கணவனும் மனைவியும் ஒரு நாளைக்குக் கால் மணி நேரமாவது மனம்விட்டுப் பேச வேண்டும். அந்த நேரத்தில் கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும்" என்று எழுதி அனுப்பிவிட்டு ரஞ்சனி எழுந்தாள். அன்றைக்கு அவள் தன் கணவனோடு பேசியது மொத்தமே இரண்டு வாக்கியம். ஒன்று, சிலிண்டர் தீரப்போகிறது. இன்னொன்று, நாளைக்குப் பள்ளிக்கூட வேன் வராதாம். அதில் மனம் எங்கே விட்டது, எங்கே ஒட்டிக்கொண்டது என்றெல்லாம் யாரும் கேட்கக்கூடாது. ஊருக்குத்தான் உபதேசம்.

ரஞ்சனிக்கு எழுத்துதான் பிழைப்பு. மாதச் சம்பளம், லீவு, பி.எஃப். எதுவும் கிடையாது. கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி. சென்னையிலிருந்து வரும் ஒரு பெண்கள் இணைய இதழுக்குக் குடும்பம், பணம், மனநலம் மூன்றையும் பற்றி வாராவாரம் எழுதிக் கொடுக்கிறாள். 'தாரகை' என்று புனைபெயர். அந்தப் பெயரை வைத்தது ஆசிரியர் ஸௌம்யா. ரஞ்சனி என்றால் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி இருக்கிறதாம். பக்கத்து வீட்டுப் பெண்தானே எழுதுகிறாள் என்று கேட்க ரஞ்சனிக்குத் தோன்றியது, கேட்கவில்லை. அந்தப் பெயரை அவள் வீட்டிலும் யாருக்கும் சொன்னதில்லை.

"அட்வைஸ் எல்லாம் எல்லாரும் குடுக்கறாங்க ரஞ்சனி. எனக்கு ஆளு வேணும். ஒரு நிஜக் குடும்பத்தக் காட்டுங்க" என்பாள் ஸௌம்யா, போனை எடுக்கும்போதெல்லாம்.

நிஜக் குடும்பத்துக்கு எங்கே போவது? ஒரகடம் கூட்ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் மனைப்பிரிவில் பாதி வீடு பூட்டியே கிடக்கும். மீதி வீட்டில் யாராவது ஒருவர் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார். கதவைத் தட்டினால் அடிக்க வருவார்கள். நாலு ஊர் சுற்றி நாலு பேரைப் பார்த்து எழுத பஸ் காசை யார் தருவார்கள்? ஆகவே ரஞ்சனி கைக்கு எட்டியதை எடுத்தாள். மகள் கவிப்பிரியா எட்டு வயதிலும் படுக்கையை நனைத்தது ஒரு கட்டுரை ஆயிற்று. மாமியார் சீட்டுக் கட்டி ஏமாந்தது இன்னொன்று. புருஷன் பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டு மறந்ததை மறைத்தது மூன்றாவது. பெயரை மாற்றினாள், ஊரை மாற்றினாள், ஆணைப் பெண்ணாக்கினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தை அவளுக்குக் கைவந்துவிட்டது என்று அவளே நம்பிவிட்டாள்.

உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாத பெண் அவள். எழுதும்போது கால் ஆடிக்கொண்டே இருக்கும். குக்கர் விசில் அடித்தால் அடுப்படிக்கு ஓடுவதற்குள் 'விசில் அடிக்கும் மனங்கள்' என்று ஒரு தலைப்பு வந்து நிற்கும். சாப்பிடும்போது, மகளுக்குத் தலை பின்னும்போது, மாமியார் போனில் அழும்போது, எப்போதும் உள்ளே ஒரு கை குறித்துக்கொண்டே இருக்கும். அது வியாதியா, திறமையா என்று அவளுக்கே தெரியாது.

புருஷன் சிவசங்கர் வல்லம் வடகால்காரன். அவர்கள் குடும்பத்து நெல் வயல் இப்போது ஒரு கம்பெனியின் பார்க்கிங். அதற்கு அடுத்த கம்பெனியில், கார் பாகங்கள் பூட்டும் லைனில் அவன் டீம் லீடர். காலை ஷிஃப்ட் போனால் மதியம் முடியும். ஓ.டி., அதாவது ஓவர்டைம், இருந்தால் மாலை ஆகும். சில மாதமாக வாரத்தில் பாதி நாள் ஓ.டி. என்றுதான் போய்க்கொண்டிருந்தான். பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிட்டான், தூங்கினான், குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்லாத மனுஷன் அவன், ஆகவே குறைந்த பேச்சைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு நாள் பிடித்தது.

வீட்டுக் கணக்கு பார்ப்பவள் அவள். சம்பளச் சீட்டில் ஓ.டி. கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். அடுத்த மாதமும் காலி. கம்பெனி தப்பு செய்கிறதோ என்று முதலில் கம்பெனி மேல்தான் கோபப்பட்டாள், பாவம்.

ஒரு நாள் குன்றத்தூரில் ஒரு டாக்டரைப் பேட்டி கண்டுவிட்டு, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமாக ஒரு தோழியின் ஸ்கூட்டரில் வந்தாள். வெயில் தாழாத மூன்று மணி. கரையில் ஒரு வண்டி நின்றது. அவர்கள் வண்டி. அதற்குக் கொஞ்சம் தள்ளி, நீல யூனிஃபார்ம் சட்டையோடு, சிவசங்கர் உட்கார்ந்திருந்தான். காலையில் "ஓ.டி. கீது, லேட்டாவும்" என்று சொல்லிவிட்டுப் போனவன்.

பக்கத்தில் யாரும் இல்லை. கையில் போன் இல்லை, சிகரெட் இல்லை, பாட்டில் இல்லை. சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பொம்பளை கூட இருந்திருந்தால் இறங்கிப் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். ஏரியோடு என்ன சண்டை போடுவது? தோழியிடம் வண்டியை நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து, "செம வேலை" என்று சொல்லி முகம் கழுவினான். அவளும் டீ கொடுத்தாள்.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஊரில் உள்ள அத்தனை பெண்களுக்கும் "கேளுங்கள், கேட்டால்தான் தெரியும்" என்று எழுதுகிறவள் அவள். ஆனால் கேட்டால் பதில் வந்துவிடுமே. வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு பல நாள் அறைக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் அதை இறக்கி வைத்தாள். எழுதினாள்.

'ஓ.டி. என்று சொல்லிப் போகிறவர்' என்பது தலைப்பு. பூசணிக்காயை மறைக்க வேண்டுமே! ஒரகடத்தைக் குன்றத்தூர் ஆக்கினாள். ஏரிக்கரை மலைக்கோயில் படிக்கட்டு ஆயிற்று. அசெம்பிளி லைன்காரனைப் பெயின்ட் ஷாப்புக்கு மாற்றினாள். வடக்கத்திப் பேச்சைத் தெற்கத்திப் பேச்சாக்கினாள். எட்டு வயது மகளுக்குப் பதில் கைக்குழந்தை. கறுப்பு வண்டிக்குப் பதில் சிவப்பு வண்டி. எல்லாம் தானாக வந்து விழுந்தது. எங்கிருந்து வந்து விழுகிறது என்று அவள் யோசிக்கவில்லை. முடிவில், அந்த ஆள் படிக்கட்டில் உட்கார்ந்து தாரகையிடமே மனம்விட்டுப் பேசுவதாக எழுதினாள். ஸௌம்யா போன் பண்ணி, "அழுதுட்டேன் ரஞ்சனி" என்றாள். அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கட்டுரை பறந்தது. கம்பெனிக் குடும்ப தினத்தன்று ஆரம்பித்த மனைவிமார்களின் வாட்ஸாப் குழுவுக்கே திரும்பி வந்தது. ரஞ்சனியும் அந்தக் குழுவில்தான் இருந்தாள். தான் எழுதியது என்று தெரியாமலே இத்தனை பேர் படிக்கிறார்களே என்று முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒருத்தி எழுதினாள்: "இது யாருன்னு தெரியுதா? நம்ம கம்பெனில பெயின்ட் ஷாப்ல எத்தினி தெக்கத்திக்காரங்க குன்றத்தூர்ல வூடு எடுத்துகினு கீறாங்க?" கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஹெச்.ஆர்.காரர்கள் திங்கட்கிழமைதோறும் நலவாழ்வுக் கட்டுரை ஒன்றைப் பிரதி எடுத்து, பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டிவைப்பார்கள். தொழிலாளியின் மனநலத்தில் கம்பெனிக்கு அவ்வளவு அக்கறை, ஒட்டுவதோடு அது முடிந்துவிடும். அந்த வாரம் ஒட்டியது இதை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு சிவப்பு வண்டி வந்து நின்றது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்ததும் ரஞ்சனிக்குக் கால் ஆடுவது நின்றுவிட்டது. வந்தவன் மாரிராஜ். திருநெல்வேலிப் பக்கம். பெயின்ட் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள். குன்றத்தூரில் அவனுக்கு வாடகைக்கு இடம் பிடித்துக் கொடுத்ததே சிவசங்கர்தான். குடும்ப தினத்தில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்கும் மகளுக்கும் ஐஸ்க்ரீம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவன். தானாக வந்து விழுந்ததெல்லாம் எங்கிருந்து விழுந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணே, எனக்கு ஒரு ஒதவி பண்ணணும்" என்றான் மாரிராஜ், நாற்காலி நுனியில் உட்கார்ந்து. "வீட்ல அவ பைய கெட்டி வச்சுட்டா. சாயங்காலம் பஸ்ஸு. பிள்ளையத் தூக்கிட்டு ஊருக்குப் போறேங்கா."

"இன்னாடா ஆச்சு?"

"அந்த போர்டுல ஒட்டிருக்காம்லா ஒரு கத, அதான் அண்ணே. அது நான்தானாம். ஓ.டி.ன்னு சொல்லிட்டு மலைல போயி உக்காந்திருக்கேனாம். லைன்ல பயலுவ பூரா 'இன்னா மாரி, மலை மேல ஓ.டி.யா'ன்னு கேக்கானுவ. அதக்கூடப் பொறுத்துக்கிடுவேன். எவளோ ஒருத்திட்ட வீட்டுக் கதையெல்லாம் சொல்லி அழுதேனாம். 'யாரு அந்தத் தாரக, அவள மொதல்ல காட்டு'ங்கா. நான் எந்தத் தாரகைய அண்ணே கண்டேன்? செவ்வாக்கெழம முருகனப் பாக்கப் படியேறினது ஒரு குத்தமா?"

ரஞ்சனி அடுப்படிக்குள் போய்விட்டாள். டீயில் சர்க்கரை போட்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஓ.டி. பாத்ததுக்கு சீட்டு காட்ட வேண்டிதான?" இது சிவசங்கர்.

"கான்ட்ராக்ட்ல ஏதுண்ணே சீட்டு? அவன் நெனச்சப்ப கைல குடுப்பான். இன்னும் போன மாசத்துக்கே குடுக்கல. நீங்க வந்து, 'ஓ.டி. நேரத்துல இவனக் கேன்டீன்ல பாத்தேன்'னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீங்களும் ஓ.டி. பாக்குற ஆளுதான, டீக்கு வாறப்ப பாத்திருப்பிய. எங்க ஷாப்புப் பயலுவ சொன்னா, எல்லாரும் கூட்டுக் களவாணியம்பா. உங்கள அவ நம்புவா."

டீயைக் கொண்டுவந்த ரஞ்சனி சிவசங்கரின் முகத்தைப் பார்த்தாள். ஓ.டி. நேரத்தில் அவன் மாரிராஜை எங்கே பார்த்திருக்க முடியும், ஏரியிலா? அவனுக்குத் தெரியும், பார்க்கவில்லை என்று. அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது என்று அவள் நினைத்தாள்.

"வரேன்" என்றான் சிவசங்கர். பிறகு, "நீயும் வா ரஞ்சனி. அந்தப் பொண்ணாண்ட பேச ஒரு பொம்பள இருந்தா நல்லது" என்றான்.

மகளை வல்லத்தில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். வழியெல்லாம் ரஞ்சனி ஒத்திகை பார்த்தாள். போனதும் சொல்லிவிட வேண்டும், 'நான்தான் எழுதினேன், அது மாரிராஜ் இல்லை' என்று. சரி, மாரிராஜ் இல்லையென்றால் யார் என்று அந்தப் பெண் கேட்பாளே? முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிற இந்த ஆள் என்று சொல்ல வேண்டும். அவன் இத்தனை நாள் பொத்தி வைத்ததை அந்நியர் வீட்டு நடுக்கூடத்தில் போட்டு உடைக்க வேண்டும். ஒருத்தன் குடும்பத்தைக் காப்பாற்றத் தன் குடும்பத்தைக் கொளுத்த வேண்டும். சிவசங்கரே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லதாகப் போய்விடும், ஒரு சின்னப் பொய்தானே என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டே அதையே நினைத்தாள்.

குன்றத்தூரில் மலைக்குக் கீழே ஒரு மாடிப் போர்ஷன். மாரிராஜின் மனைவி இசக்கிச்செல்வி இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனாலும் "வாங்கண்ணே, வாங்கக்கா" என்று சொல்லி, இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சுவரோரம் ஒரு பெரிய பை, ஜிப் மூடாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க வீடு தேடி வந்ததுக்கு மரியாத உண்டுண்ணே. ஆனா பூசி மொழுகுத பேச்சு எனக்கு வேண்டாம்" என்றாள். போனை எடுத்தாள். "இதக் கேளுங்க. 'வீட்டுக்குப் போனால் மூச்சு முட்டுகிறது தாரகை, அதனால்தான் இங்கே வருகிறேன் என்று அவர் என்னிடம் சொன்னபோது, அவர் கண்கள் கலங்கியிருந்தன.' எங்கிட்ட ஒரு நா கண்ணு கலங்கினதில்ல இவுக. கல்யாணத்துல இருந்து இன்னிக்கு வர இல்ல. அவகிட்டப் போயிக் கலங்கியிருக்காக."

பூண்டு உரித்துக்கொண்டே யோசித்து எழுதிய வரி அது. கண்கள் கலங்கியிருந்தன என்று முடித்தால் நன்றாக இருக்கும் என்று போட்டது. ரஞ்சனிக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

"ஏட்டி, அண்ணன் சொல்லுவாங்க கேளு" என்றான் மாரிராஜ்.

"சொல்லட்டும். எப்படிச் சொல்லணுமோ அப்படிச் சொல்லட்டும்." இசக்கிச்செல்வி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி, சிவசங்கரின் மடியில் உட்காரவைத்தாள். "இவ தலைல கைய வச்சுச் சொல்லுங்கண்ணே. சாயங்கால நேரத்துல இவுகளக் கம்பெனிக்குள்ள உங்க கண்ணால பாத்தியளா? பாத்தேன்னு சொல்லுங்க, நான் பையப் பிரிச்சுருதேன். வேற ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

பச்சைப் பிள்ளை. சிவசங்கரின் சட்டைப் பொத்தானை வாயில் வைக்கப் பார்த்தது. அவன் கையைத் தூக்கினான். மாரிராஜ் நம்பிக்கையோடு தலையை ஆட்டினான். ரஞ்சனி மனசுக்குள் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று கெஞ்சினாள். அந்தக் கை குழந்தையின் தலைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கி அவன் முழங்காலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"இல்லம்மா. நான் பாக்கல" என்றான்.

"அண்ணே!" என்று மாரிராஜ் எழுந்துவிட்டான்.

"குந்துடா. நான் எப்படிப் பாக்க முடியும்? நான் ஓ.டி.யே பாக்கலியே. ஓ.டி.ன்னு வூட்ல சொல்லிகினு செம்பரம்பாக்கம் ஏரிக்கரைல போய்க் குந்திகினு இருந்தேன். அந்தக் கதைல வர்றது இவன் இல்லம்மா. நான்தான். ஆளையும் ஊரையும் மாத்திப் போட்டுகீது, அவ்ளோதான். இவன் நாயா ஒழைக்கிறான். இவன நம்பு."

"என்னயக் காப்பாத்தணும்னு இப்படிச் சொல்லாதியண்ணே."

"நெசமாத்தான்டா சொல்றேன். என் சம்பளச் சீட்ட வேணா காட்டறேன், ஓ.டி. கட்டம் முட்டை."

இசக்கிச்செல்வி அவனையே பார்த்தாள். பொய் சொல்கிற ஆள் இவ்வளவு கேவலமான பொய்யைச் சொல்ல மாட்டான் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. "அப்ப அந்தத் தாரக யாருண்ணே? யாருட்டச் சொன்னிய?"

"யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லாம எப்படி அவ எழுதுவா?"

சிவசங்கர் குழந்தையின் பாதத்தைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினான். ரஞ்சனி இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை. அவனுக்குத் தெரியும். தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தப் பெண்ணும் அவள் புருஷனும் தன்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருக்கிறான். இத்தனை கட்டுரையில் புருஷன் பெண்டாட்டி ஒற்றுமை என்று ரஞ்சனி எழுதியதெல்லாம் வெறும் எழுத்து.

"நான்தான்" என்றாள். "தாரகை நான்தான். இவர ஏரிக்கரைல பாத்தேன். இவர்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. கேக்காமலே, மூச்சு முட்டுது, கண்ணு கலங்கிச்சுன்னு நானா எழுதினேன். ஆள் தெரியக்கூடாதுன்னு மாத்தினேன். மாத்தினது உங்க வீடா ஆயிடுச்சு. என்னை மன்னிச்சுடுங்க."

கீழே தெருவில் யாரோ காய்கறி விற்றுக்கொண்டு போனார்கள்.

"ஏக்கா," என்றாள் இசக்கிச்செல்வி மெதுவாக, "உங்க வீட்டுக் கதைய எழுதுததுக்கு எங்க வீட்டு அட்ரஸையா போட்டிய? மாத்தணும்னா உங்க சொந்தக்காரவுக வீட்டப் போட வேண்டியதுதான. எங்கள யாரு கேக்கப் போறான்னுதான போட்டிய?"

அப்படி இல்லை என்று சொல்ல ரஞ்சனி வாயைத் திறந்தாள். அப்படித்தானோ என்று சந்தேகம் வந்துவிட்டது, மூடிக்கொண்டாள்.

இசக்கிச்செல்வி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். காலால் பையை உள் அறைக்குத் தள்ளினாள். "டிக்கெட்டக் கேன்சல் பண்ணுங்க, பாதிக் காசாவது வரும்" என்று புருஷனிடம் சொன்னாள். மாரிராஜ் தலையாட்டினான், ஆனால் சிவசங்கர் எழுந்தபோது அவன் எழுந்திருக்கவில்லை. எப்போதும் வண்டி வரை வந்து வழியனுப்புகிறவன். அன்றைக்கு "சரிண்ணே" என்று மட்டும் சொன்னான்.

மாடிப்படியிலேயே நின்று ரஞ்சனி ஸௌம்யாவுக்குப் போன் பண்ணி, கட்டுரையை எடுத்துவிடச் சொன்னாள். "எடுக்கறதா? ஏன்? ரெண்டாம் பாகம் எப்பன்னு எல்லாரும் கேக்கறாங்க. டபுள் ரேட் தரச் சொல்றேன்" என்றாள் ஸௌம்யா. ரஞ்சனி கத்திவிட்டாள். எடுக்காவிட்டால் இனி ஒரு வரி எழுதித் தரமாட்டேன் என்றாள். மகள் ஃபீஸும் வீட்டு வாடகையும் அந்த வரிகளில்தான் இருக்கின்றன என்பது கத்தி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எடுத்துவிடுவதாக ஸௌம்யா சொன்னாள், சொன்ன விதத்தில் அடுத்த வாரம் போன் வராது என்று தெரிந்தது.

வண்டியில் திரும்பினார்கள். ஒரகடம் ரோட்டில் கார் ஏற்றிய ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு டீக்கடை வந்ததும் சிவசங்கர் தானாக நிறுத்தினான். இரண்டு டீ சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் கடையில் கூட்டமில்லை. வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன.

"எப்ப தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"போர்டுல ஒட்டின அன்னிக்கே. 'குழம்புல உப்பு இல்லன்னாலும் சொல்லாத மனுஷன்'னு போட்டிருந்தல்ல? அது நான்தான? மாரி உப்பு கொறஞ்சா தட்டயே தள்ளிடுவான்."

சிரிப்பு வரவில்லை இருவருக்கும்.

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா அதயும் எழுதுவ."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனையும் என்பது போலச் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் எப்ப ரஞ்சனி சொன்னேன், வூட்டுக்கு வந்தா மூச்சு முட்டுதுன்னு?"

"ஒரு காரணம் வேணுமேன்னு..." அவளால் முடிக்க முடியவில்லை. "அப்ப ஏங்க அங்க போனீங்க?"

சிவசங்கர் டீ கிளாஸைக் கையில் உருட்டினான். "பாப்பா பாயில மூத்திரம் போனா எழுதற. அம்மா சீட்டுல ஏமாந்தா எழுதற. நான் மாத்திர போடலன்னா அது ஒரு கட்டுரை. எல்லாத்தயும் ஒட்டறானுங்க போர்டுல. கேன்டீன்ல படிச்சிட்டு, 'எவன்டா இவன், பொண்டாட்டிக்குப் பயந்து மாத்திரய ஒளிக்கிறவன்'னு சிரிக்கிறானுங்க. நானும் சிரிச்சிகினே சோறு துன்றேன். வூட்டுக்கு வந்தா நீ என்னயே பாத்துகினு இருக்கற. நான் இன்னா சொல்லப்போறேன்னு பாக்கல, அத எப்டி எழுதலாம்னு பாக்கற. ஏரிக்கரைல குந்துனா நான் எதுக்கும் ஒதவாத ஆளு. அது நல்லாருந்துது."

ரஞ்சனி அழுதாள். கடைக்காரர் பார்க்கிறாரே என்று நினைக்கவில்லை. "இனிமே எழுத மாட்டேன்" என்றாள்.

"எழுதாம? ஃபீஸ் யாரு கட்டுவா? உன்னால முடியவும் முடியாது. நான் அத சொல்லல." அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். ரொம்ப நாளைக்கப்புறம் அவளுக்கு எதிரே, முகத்தோடு முகம் பார்த்து உட்கார்ந்தான். "மொத மொதல்ல நான் ஏரிக்குப் போனது தீவாளிக்கு முன்னாடி. அன்னிக்கு லைன்ல ஒண்ணு நடந்துது. உங்கிட்ட சொல்லணும்னுதான் நேரா வூட்டுக்கு வந்தேன். வாசல் வரிக்கும் வந்துட்டேன். நீ உள்ள போன்ல..."

நிறுத்திவிட்டான். அவளையே பார்த்தான்.

"சொல்லுங்க" என்றாள்.

"இதோ. இப்பக்கூட."

"என்ன?"

"உன் மூஞ்சி. ஆரம்பிச்சிடிச்சி."

ரஞ்சனி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணீர் இன்னும் காயவில்லை. ஆனால் அவன் சொன்னது உண்மை. அந்தக் கண்ணீருக்கு அடியில், 'தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள், வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போன ஒரு கணவர்' என்று ஒரு வரி எழுந்து நின்றுவிட்டது. நல்ல வரி. அவளுக்குத் தன் மேலேயே பயம் வந்தது. இத்தனை வருஷமாக இந்த முகத்தைத்தான் அவனும் குழந்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்களா?

சத்தியம் பண்ணலாம். அவன் நம்ப மாட்டான், அவளும்தான். அவள் எழுந்தாள். நாற்காலியைத் தூக்கி அப்படியே திருப்பிப் போட்டாள். அவனுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க. என் மூஞ்சிய நீங்க பாக்க வேணாம்."

ஒரு ட்ரெய்லர் போயிற்று. இன்னொன்று போயிற்று. அவன் எழுந்து வண்டிக்குப் போய்விடுவான் என்று அவள் நினைத்தாள். திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பார்க்காமல் இருந்தாள். பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று, சொல்ல ஆரம்பித்தான்.

டீ ஆறி ஆடை கட்டும்வரை சொன்னான். ரஞ்சனி அதை எங்கேயும் எழுதவில்லை. நானும் எழுதப்போவதில்லை.